நாற்பது முறை சொல்லிக் கொடுத்த இமாம்

காயல்பட்டினம், கீழக்கரை முதலான நம் கடற்கரையூர்களிலும் இலங்கையிலும் வாழும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் இமாம் ஷாஃபிஈ ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களின் மத்ஹபின்படி தொழுகிறவர்கள். ஆனால் அன்னாரைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஏழு வயதில் குர்ஆனை மனனம் செய்தார்கள், பத்து வயதில் முவத்தாவை மனனம் செய்தார்கள் என்ற இரண்டு செய்திகளோடு நிறுத்தி விடுவார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. நாம் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அதையும் தலையில் ஒரு குட்டு வைத்துத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இமாமவர்கள் ஏழு வயதில் ஹாஃபிழாகி விட்டார்கள், நீ பன்னிரண்டு வயதாகியும் அம்ம ஜுஸ்உவில் தடுமாறுகிறாயே என்று வாப்பா கேட்கிறார். உம்மாவும் அடுப்படியிலிருந்து அதற்கு ஆமாம் போடுகிறார்.

அந்த ஏச்சுக்கு இமாமவர்களின் பெயரை இழுப்பது நியாயமில்லை. அன்னாரின் வரலாற்றை முழுமையாக ஓதிப் பார்க்கிறவர்களுக்கு இது விளங்கும்.

ஹிஜ்ரி 150-ம் ஆண்டு, அதாவது கி.பி. 767-ல், பாலஸ்தீனத்தின் காஸா நகரில் முஹம்மது இப்னு இத்ரீஸ் என்ற அந்தக் குழந்தை பிறந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வஃபாத்தான ஆண்டும் அதுவே. தந்தையார் குறைஷிக் குலத்தில் முத்தலிப் கிளையைச் சேர்ந்தவர்கள். குழந்தை கைப்பிள்ளையாக இருக்கும்போதே மறைந்து விட்டார்கள். தாயார், பிள்ளைக்கு இரண்டு வயதானபோது, சொந்தக் குலத்தாரோடு வளரட்டும் என்று மக்காவுக்குத் தூக்கி வந்தார்கள். வீட்டில் வறுமை. ஓதிக் கொடுக்கும் ஆசிரியருக்குக் கூலி கொடுக்க அந்த அம்மையாரிடம் காசில்லை. ஆசிரியர் எழுந்து போகும் நேரங்களில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே கூலியாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடாயிற்று. ஆக, அன்னார் கற்கத் தொடங்கிய நாளிலேயே சொல்லிக் கொடுக்கவும் தொடங்கி விட்டார்கள்!

காகிதம் வாங்க வசதியில்லை. அகலமான எலும்புகளைப் பொறுக்கி வந்து அவற்றில் ஹதீஸ்களை எழுதினார்கள். அரசாங்க அலுவலகத்தில் எழுதிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் பின்புறத்தில் எழுதினார்கள். எலும்புகள் நிறைந்தால் வீட்டிலிருந்த பழைய ஜாடியில் போட்டு வைப்பது வழக்கம். பிறகு பாலைவனத்துக்குப் போய், தூய அரபுமொழிக்குப் பேர்போன ஹுதைல் கூட்டத்தாரோடு தங்கி, அவர்களுடைய மொழியையும் கவிதைகளையும் கற்றார்கள். வில்வித்தையிலும் அன்னாருக்கு மோகம். வெயிலில் நெடுநேரம் நின்று பழகுவதைப் பார்த்த ஒரு மருத்துவர், இப்படியே போனால் மார்புநோய் வந்து விடும் என்று எச்சரித்தாராம். பத்து அம்புகளில் ஒன்பது குறி தப்பாது என்று அன்னாரே பிற்காலத்தில் சொன்னதாக வருகிறது. முதல் நாளிலேயே பத்துக்கு ஒன்பது விழுந்திருந்தால் வெயிலில் அத்தனை நேரம் நின்றிருக்கத் தேவையில்லை.

மக்காவின் முஃப்தி முஸ்லிம் இப்னு காலித் (ரஹ்) அவர்களிடம் ஃபிக்ஹு கற்று, மீசை அரும்பும் பருவத்திலேயே மார்க்கத் தீர்ப்பு வழங்க அனுமதி பெற்றார்கள். அதோடு திருப்தியடைந்து உட்கார்ந்து விடவில்லை. மதீனா முனவ்வராவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வாசலில் போய் நின்றார்கள். மக்கா ஆளுநரின் சிபாரிசுக் கடிதத்தைக் கையில் கொண்டு போயிருந்தார்கள். ரஸூலுல்லாஹ்வின் இல்மைத் தேடக் கடிதமா வேண்டும் என்று மாலிக் இமாம் சலித்துக்கொண்டார்கள். ஆயினும் அந்த இளைஞர் முவத்தாவை ஓதிய அழகைக் கேட்டதும், மேலே ஓது, மேலே ஓது என்று சொல்லத் தொடங்கி விட்டார்கள். ஹிஜ்ரி 179-ல் மாலிக் இமாம் வஃபாத்தாகும் வரை அவர்களோடு தொடர்பு நீடித்தது.

அதன்பின் யமனில் ஓர் அரசாங்கப் பொறுப்பு கிடைத்தது. வறுமையில் வளர்ந்தவர்கள், ஏற்றுக்கொண்டார்கள். நஜ்ரானில் நீதியாக நடந்துகொண்டார்கள் என்றுதான் வரலாறு சொல்கிறது. ஆனாலும் இல்மின் பாதையிலிருந்து விலகி உலகப் பதவிக்குள் போனதை அன்னாரின் ஆசிரியர்கள் விரும்பவில்லை. மக்காவுக்கு வந்த ஒரு பயணத்தில் இரண்டு ஆசிரியர்களைச் சந்தித்தார்கள். முதலாமவர் இப்னு அபீ யஹ்யா. எங்களோடு உட்கார்ந்து ஓதிவிட்டு இப்படியெல்லாம் செய்கிறீர்களே என்று முகத்திலடித்தாற்போல் ஏசி விட்டார். இரண்டாமவர் ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்). முதலில் முகமலர்ந்து வரவேற்றார்கள். பதவியேற்ற செய்தி தமக்கு வந்ததாகவும், அன்னாரைப் பற்றிப் பரவியிருப்பதெல்லாம் நல்ல பேச்சே என்றும் சொன்னார்கள். ஆனால் அல்லாஹ்வுக்குச் செலுத்த வேண்டிய கடமை முழுவதையும் நீர் செலுத்தி விடவில்லை, இனி அதன் பக்கம் திரும்ப வேண்டாம் என்று இதமாகச் சொல்லி முடித்தார்கள். முன்னவரின் ஏச்சைவிட ஸுஃப்யானின் உபதேசமே தம் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது என்று இமாமவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிகழ்ச்சியை மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கும் நம் உலமாப் பெருமக்களும், வீட்டில் பிள்ளைகளை ஓத வைக்கும் தாய்மார்களும் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் சொன்னதும் ஒரே விஷயம்தான். ஒருவர் சொன்னது உள்ளே இறங்கிற்று. மற்றவர் சொன்னது காயமாக மட்டும் நின்றது. ஒருவரைத் தனிமையில் திருத்துவதுதான் உபதேசம், நாலுபேர் முன்னால் திருத்துவது அவரை அவமானப்படுத்துவது என்ற கருத்து இமாமவர்களின் பெயரால் வழங்கி வருகிறது. பட்டறிந்து சொன்னதாகவே எனக்குத் தோன்றுகிறது.

யமன் வாழ்வு சோதனையில் முடிந்தது. கலகத்துக்குத் துணைபோனவர் என்ற பொய்க்குற்றம் சுமத்தப்பட்டு, ஹிஜ்ரி 184-ல் கலீஃபா ஹாரூன் ரஷீதின் முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான முஹம்மது இப்னுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் அன்னாரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதும் விடுதலைக்குக் காரணமாயிற்று என்று எழுதுகிறார்கள். உயிர் பிழைத்த முப்பத்து நான்கு வயது ஆலிம் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த முஹம்மதிடமே மாணவராக உட்கார்ந்து விட்டார்கள். மதீனாவின் ஃபிக்ஹைக் கரைத்துக் குடித்தவர்கள், இராக்கின் ஃபிக்ஹை அலிஃபிலிருந்து கற்றார்கள். அந்த நூல்களைப் பெறுவதற்காக அறுபது தீனார்கள் செலவழித்ததாக அன்னாரே சொல்லியிருக்கிறார்கள். எலும்பில் எழுதி வளர்ந்தவருக்கு அறுபது தீனார் என்பது சின்னத் தொகையா!

ஹிஜ்ரி 195-ல் மீண்டும் பக்தாதுக்கு வந்தபோது அன்னாரைச் சுற்றி ஒரு பெரும் கூட்டம் கூடியது. இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களும் அதில் ஒருவர். அந்த மாணவரிடம் இந்த ஆசிரியர், ஹதீஸ்களை என்னைவிட நீங்கள் நன்கறிந்தவர்கள், ஸஹீஹான ஹதீஸ் ஏதேனும் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் அதன்படி என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டார்கள். யாரோடு வாதம் செய்தாலும், உண்மை தம் நாவில் வெளிப்பட்டாலென்ன, எதிராளியின் நாவில் வெளிப்பட்டாலென்ன என்றுதான் இருந்தார்கள்.

பக்தாதில் அன்னாரின் நூல்கள் எழுதப்பட்டன, மாணவர்கள் பிரதி எடுத்தார்கள், புகழ் பரவிற்று. அத்தோடு நின்றிருந்தாலும் உம்மத்தின் பெரிய இமாம்களில் ஒருவராகவே போற்றப்பட்டிருப்பார்கள். ஆனால் ஹிஜ்ரி 199-ல் மிஸ்ரு நாட்டின் ஃபுஸ்தாத் நகருக்குப் போய், அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கட்டிய ஜாமிஉ பள்ளியில் அமர்ந்து, தாம் எழுதியவற்றையெல்லாம் மறுபடி எடுத்துச் சோதித்தார்கள். பல மஸ்அலாக்களில் தம் பழைய சொல்லை விட்டுவிட்டுப் புதிய சொல்லைச் சொன்னார்கள். பக்தாதில் எழுதிய நூலை இனித் தம் பெயரால் அறிவிக்க எவருக்கும் அனுமதியில்லை என்று சொன்னதாகவும் வருகிறது. பழையதற்கு கதீம் என்றும் புதியதற்கு ஜதீத் என்றும் ஃபிக்ஹு கிதாபுகளில் பெயர்.

மிஸ்ரின் சீதோஷ்ணமும் பழக்கவழக்கமும் வேறாக இருந்ததால் இமாமவர்கள் மாற்றிச் சொன்னார்கள் என்று சிலர் மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மைகூட ஆகாது. உதாரணத்துக்கு ஒன்று: இமாம் சப்தமாக ஓதும் தொழுகையில் பின்னால் நிற்பவர் ஃபாத்திஹா ஓத வேண்டியதில்லை என்பது பழைய சொல். எல்லாத் தொழுகையிலும் ஓதியே ஆக வேண்டும் என்பது புதிய சொல்; இன்று நாம் ஓதுவது அதன்படிதான். இதில் சீதோஷ்ணம் எங்கே வந்தது? ஆதாரங்களை மேலும் மேலும் துருவிப் பார்த்ததில் முன்பு சொன்னது சரியில்லை என்று தெரிந்தது, தெரிந்ததும் மாற்றினார்கள். அவ்வளவுதான்.

இன்னும் சுவையான ஒன்று மஃரிபுத் தொழுகையின் நேரம். செந்நிற அந்திவெளிச்சம் மறையும் வரை மஃரிபுக்கு நேரம் உண்டு என்று பக்தாதில் சொன்னார்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இரண்டு நாட்கள் தொழுது காட்டியபோது, மற்றத் தொழுகைகளை முன்நேரத்திலும் பின்நேரத்திலும் தொழுது காட்டி, மஃரிபை மட்டும் இரண்டு நாளும் ஒரே நேரத்தில் தொழுதார்கள் என்ற ஹதீஸைக் கொண்டு, மஃரிபின் நேரம் மிகவும் குறுகியது என்று மிஸ்ரில் மாற்றிச் சொன்னார்கள். ஒளூச் செய்து, பாங்கும் இகாமத்தும் சொல்லி, ஐந்து ரக்அத்துகள் தொழும் அளவுதான். நானூறு ஆண்டுகளுக்கும் பின்னால் வந்த இமாம் நவவீ (ரஹ்), ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தானவர்கள், ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள வேறு ஹதீஸை முன்வைத்து, இந்த மஸ்அலாவில் இமாமவர்களின் பழைய சொல்லே வலுவானது என்று தீர்மானித்தார்கள். இன்று நாம் அந்திவெளிச்சம் மறையும் வரை மஃரிபு தொழலாம் என்று நம்பியிருப்பது அந்தப் பழைய சொல்லின்படிதான். ஆக, இமாமவர்களின் திருத்தத்தையும் மாணவர் வழி வந்த ஒருவர் திருத்தினார்! ஸஹீஹான ஹதீஸ் கிடைத்தால் அதுவே என் மத்ஹபு என்று அன்னார் வாசலைத் திறந்து வைத்துப் போனதால்தான் இது முடிந்தது.

ரிஸாலா என்ற அன்னாரின் புகழ்பெற்ற கிதாபு, உஸூல் என்னும் கலைக்கே அடிப்படை. அதையும் மிஸ்ரில் புதிதாக எழுதினார்கள். அந்தக் கிதாபை இமாமவர்கள் முன்னிலையில் எண்பது முறை ஓதியதாகவும், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பிழை அகப்பட்டதாகவும் மாணவர் முஸனீ (ரஹ்) அறிவித்ததாக வருகிறது. கடைசியில் இமாமவர்கள், போதும் விட்டுவிடுங்கள், தன் வேதத்தைத் தவிர வேறெந்த நூலும் பிழையற்று இருப்பதை அல்லாஹ் நாடவில்லை என்று சொன்னார்களாம். ஐம்பது வயதைக் கடந்த, உலகமறிந்த ஓர் இமாம், தம் கிதாபைத் தம் மாணவரிடம் கொடுத்து ஓதச் சொல்லி, பிழையைக் கேட்டுத் திருத்திக்கொண்டு, மறுபடி ஓதச் சொல்லி, மறுபடி திருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பிழை காட்ட அந்த மாணவருக்கு அச்சமில்லாமல் இருந்ததே, அதற்கு அந்த மஜ்லிஸ் எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!

அந்த மஜ்லிஸின் ஒழுங்கையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் குர்ஆனைக் கற்பவர்கள் வந்து அமர்வார்கள். சூரியன் உதித்ததும் அவர்கள் எழுந்து போக, ஹதீஸ் கற்பவர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின் ஃபிக்ஹு விவாதம். அதன்பின் அரபு இலக்கணமும் கவிதையும் கற்பவர்கள். நண்பகல்வரை இப்படியே நடக்கும். இரவை மூன்று பங்காக்கி, ஒரு பங்கில் எழுதி, ஒரு பங்கில் தொழுது, ஒரு பங்கில் உறங்கினார்கள். அத்தனைக்கும் உடலில் ஓயாத நோய். மூலநோயினால் இரத்தம் போய்க்கொண்டேயிருந்தது. மிஸ்ரில் வாழ்ந்தது ஐந்து ஆண்டுகள் போல்தான். நேரம் குறைவு, வேலை அதிகம் என்பது அன்னாருக்குத் தெரிந்தேயிருந்தது.

அப்படிப்பட்ட மஜ்லிஸில் ரபீஉ இப்னு ஸுலைமான் என்று ஓர் இளைஞர் இருந்தார். அந்த ஜாமிஉ பள்ளியில் பாங்கு சொல்பவர். இமாமவர்களுக்குப் பணிவிடை செய்பவர். விளங்கிக்கொள்வதில் மந்தம். பக்கத்தில் இருப்பவர்களோ புவைத்தீ, முஸனீ போன்ற கூர்மதியாளர்கள். பாதி சொல்லும்போதே மீதியைப் பிடித்துக்கொள்பவர்கள். ஒரு நாள் இமாமவர்கள் ஒரு மஸ்அலாவைச் சொன்னார்கள். ரபீஉக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னார்கள். விளங்கவில்லை. ஒரே மஸ்அலாவை நாற்பது முறை திருப்பிச் சொன்னார்கள் என்று தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) தம்முடைய தபகாத்தில் எழுதுகிறார்கள். அப்போதும் விளங்கவில்லை. ரபீஉ வெட்கம் தாளாமல் மஜ்லிஸை விட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் கிதாபை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்து விடுவேன். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, நஹ்வு பாடத்தில் ஒரு வார்த்தையின் கடைசி எழுத்துக்கு ஜபர் வைப்பதா பேஷ் வைப்பதா என்று மூன்று முறை தவறாகச் சொன்னேன். நான்காம் முறை உஸ்தாது ஒன்றும் சொல்லாமல் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் நான் போகவில்லை. என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. உம்மா மட்டும் இரண்டு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இன்றளவும் அரபு இலக்கணம் எனக்கு அரைகுறைதான். அந்த உஸ்தாது நல்ல மனிதர். அல்லாஹ் அவருடைய கப்ரைப் பிரகாசமாக்குவானாக. சிரித்ததை அன்று மாலையே அவர் மறந்திருப்பார்.

ரபீஉ எழுந்து போனபோது சிரித்ததாக ஒரு குறிப்பும் இல்லை. இமாமவர்கள் மஜ்லிஸ் முடிந்ததும் அவரைத் தனியே அழைத்தார்கள். கூட்டமில்லாத இடத்தில் உட்கார வைத்து, அதே மஸ்அலாவை மறுபடி சொன்னார்கள், விளங்கும் வரை சொன்னார்கள், விளங்கிற்று. எத்தனையாவது முறையில் விளங்கிற்று என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. இல்மை உணவாக ஊட்டிவிட முடியுமானால் உனக்கு ஊட்டியிருப்பேன் என்று அந்த மாணவரிடம் ஒருமுறை சொன்னதாகவும் வருகிறது. அது சலிப்பில் சொன்ன வார்த்தை அல்ல. பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பழகிய தாய்மார்களுக்கு அதன் அர்த்தம் விளங்கும்.

குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க மலக்குகளோடு இருப்பார், திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. ஆய்ந்து தீர்ப்புச் சொல்பவர் தவறிவிட்டாலும் அவருக்கு ஒரு கூலி உண்டு என்பதும் நபிமொழியே. இமாமவர்கள் ரபீஉவின் விஷயத்திலும், தம் சொந்தச் சொற்களின் விஷயத்திலும் நடந்துகொண்டது இந்த வழியில்தான்.

ஹிஜ்ரி 204-ம் ஆண்டு ரஜபு மாதக் கடைசியில், கி.பி. 820-ன் தொடக்கத்தில், ஐம்பத்து நான்காம் வயதில் இமாமவர்கள் ஃபுஸ்தாதில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இன்று கெய்ரோ மாநகரில் அன்னாரின் ஸியாரத்தின் மேல் நிற்கும் பெரிய குப்பா கி.பி. 1211-ல் கட்டப்பட்டது.

மஜ்லிஸின் பொறுப்பு புவைத்தீ (ரஹ்) அவர்களிடம் வந்தது. குர்ஆன் படைக்கப்பட்டது என்று சொல்ல மறுத்ததற்காக அவர்கள் விலங்கிடப்பட்டு பக்தாதுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஹிஜ்ரி 231-ல் சிறையிலேயே வஃபாத்தானார்கள். முஸனீ (ரஹ்) இமாமவர்களின் ஃபிக்ஹைச் சுருக்கி முக்தஸர் என்ற அரிய நூலை எழுதி, ஹிஜ்ரி 264-ல் மறைந்தார்கள். பாங்கு சொல்பவரான ரபீஉ அவர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுத்தான். இமாமவர்களுக்குப் பின் அறுபத்தாறு ஆண்டுகள் இருந்தார்கள். இமாமின் வாயால் கேட்ட கிதாபுகளை இவரிடம் கேட்டு எழுத, பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் ஒட்டகமேறி வந்து வாசலில் காத்திருந்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், ஹிஜ்ரி 265-ல், ரிஸாலாவைப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதித்துத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த குறிப்பு இன்றும் பழஞ்சுவடியில் இருக்கிறது. ஹிஜ்ரி 270-ல் வஃபாத்தானார்கள்.

இமாமவர்களின் பெருங்கிதாபான அல்உம்மு ரபீஉவின் வாயிலாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. ரபீஉ நமக்கு அறிவித்தார், ஷாஃபிஈ எங்களுக்கு அறிவித்தார் என்றே அதில் வந்துகொண்டிருக்கும். அந்தக் கிதாபில் ஓரிடத்தில் ரபீஉ இடையே புகுந்து ஒரு குறிப்புச் சொல்கிறார்கள். கிதாபின் இந்தப் பகுதி தமக்குத் தவறிப் போயிற்று என்றும், இதைப் பின்னர் புவைத்தீயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகவும், ஆனால் இது இமாமவர்களின் சொல்தான் என்பதைத் தாம் அறிவதாகவும் ஒளிவுமறைவின்றிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிரதி எடுத்தவர்கள் ஒருவரும் அந்த வரியை நீக்கவில்லை. அச்சிட்டவர்களும் நீக்கவில்லை.